ஆச்சா?

லேபில் என் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்று செவ்வாய். இந்த மூன்று நாளும் நான் ஓரிடத்தில் உட்காரப் போவதில்லை என்பது எனக்கே தெரியும். காலையிலிருந்து துணி அலமாரியை இரண்டு தடவை அடுக்கியாயிற்று. பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் பிரித்து, ஒரே ஒரு தாளைத் திருத்தி, மறுபடியும் கட்டி வைத்துவிட்டேன். இப்படி இருப்புக் கொள்ளாமல் அலையும்போதெல்லாம் எனக்கு மாமா ஞாபகம்தான் வரும். கூடவே கோபமும் வரும். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். லிங்கராஜபுரத்தில் அவர்கள் கீழ்வீட்டில், நான் மேல்வீட்டில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். மாமாவுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒற்றை அறையில் பல் செட் கட்டுகிற தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாய் அச்சை எடுத்து அனுப்புவார்கள், இவர் அதற்குப் பொருத்தமாகப் பல் கட்டித் தருவார். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன இடுக்கி, பேன்ட் முழுக்க வெள்ளை மாவு. வாயில் ஒரே ஒரு சொல்.

"ஆச்சா?"

குக்கர் முதல் விசில் அடிக்கும்போதே சமையலறை வாசலில் நின்று "ஆச்சா?" என்பார். டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கையை மடக்கிக்கொண்டு "ஆச்சா?" என்பார். கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் சம்மதமா என்ற கேள்வியை முடிப்பதற்குள்ளேயே "சம்மதம்" என்று சொல்லிவிட்டாராம். சாமியார் முழுசாகக் கேட்ட பிறகு இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. "நான் ரெண்டு வாட்டி கல்யாணம் பண்ணவ" என்று அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் வெளியே போய் வேப்பமரத்தைச் சுற்றி நடப்பார். கடைசி ஆசீர்வாதத்துக்குள் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகியிருக்கும். பஸ் ஸ்டாப்பில் அவரோடு நிற்பது பெரிய சோதனை. எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவார். ஒருநாள் அல்சூருக்குப் போக வேண்டிய நாங்கள் எங்கேயோ ஹெப்பாள் பக்கம் போய்க்கொண்டிருந்தோம்.

"மாமா, இது அங்க போகாது!"

"போகுதில்ல? எங்க போகுதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல வண்டி போகுதா இல்லையா, அதப் பாரு டீச்சர்."

என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாகத்தான்.

இந்த மனிதர் மீன் பிடிக்கப் போகிறவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அதுவும் நீலகிரி மேலே, எமரால்டு தாண்டி, ஜீப்பும் போகாத ஒரு ஓடையில், ட்ரவுட் மீன். வெளிநாட்டில் குடியேறப் போன ஒரு பல் டாக்டர் தன் தூண்டிலை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிடித்தது பைத்தியம். "மீன் பிடிக்கறதுக்கு ரொம்பப் பொறுமை வேணுமே" என்று யாராவது சொன்னால் போச்சு, சண்டைக்கு வந்துவிடுவார்.

"அது புழு மாட்டிக்கினு குந்தினு இருக்கறவனுக்கு. இது ஃப்ளை. பொறுமை இல்லாதவனுக்குன்னே எவனோ கண்டுபுடிச்சது. ஒரு நிமிஷம் சும்மா நிக்க வேணாம், தெரியுமா?"

அவர் சொன்னது உண்மைதான். பிற்பாடு நானே கூடப் போய்ப் பார்த்தேன். அந்தத் தூண்டிலில் புழு கிடையாது, மிதவை கிடையாது. கொக்கியின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ ஒன்று இருக்கும். கனமான கயிற்றைத் தலைக்கு மேல் பின்னாலும் முன்னாலும் வீசி, அந்த ஈயைத் தண்ணீர் மேல் உட்கார வைக்க வேண்டும். அது இரண்டு மூச்சு நேரம் மிதந்து வரும். மீன் எடுத்தால் எடுத்தது, எடுக்காவிட்டால் மறுபடியும் வீச வேண்டும். நாலு தடவை வீசியும் ஒன்றும் இல்லையென்றால் மேலே அடுத்த மடுவுக்கு நடக்க வேண்டும். மாமா நாலு தடவைகூட வீசமாட்டார். இரண்டாவது வீச்சிலேயே "இங்க ஆச்சு, மேல போலாம்" என்று பாறை பாறையாகத் தாவிப் போய்க்கொண்டிருப்பார். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே பின்னால் போவேன்.

ஊரில் இருக்கும் நாட்களில் மொட்டைமாடியில் பயிற்சி நடக்கும். கொக்கிக்குப் பதிலாக ஒரு கம்பளித் துணுக்கைக் கட்டி, விடிந்ததும் விடியாததுமாக விஷ் விஷ் என்று வீசிக்கொண்டிருப்பார். ஒருநாள் அவசரத்தில் கம்பளியைக் கட்ட மறந்து கொக்கியோடு வீசி, பக்கத்து மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கன்னடக்காரம்மாவின் பட்டுப் புடவையைப் பிடித்துவிட்டார். அந்தம்மா மேலே வந்து சத்தம் போட்டார்கள். இவர் கொக்கியைக் கழற்றிக்கொண்டே கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் "ஆச்சா?" என்றும் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் ஆறு மாதம் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஈ கட்டுவதெல்லாம் பல் கட்டுகிற அந்த அறையில்தான். கோழிக்கடையில் சேவலின் கழுத்து இறகு வாங்கி வருவார். அக்காவின் பழைய ஸ்வெட்டரில் நூல் உருவுவார். அமெரிக்காவில் எவனோ காட்டு ஓடையில் ப்ரூக் ட்ரவுட் பிடிக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டே கட்டுவார். அந்த மீனின் செட்டை ஓரத்தில் வெள்ளைக் கரை இருக்குமாம், நம் மலையில் அது கிடையாதாம், ஒரு தடவையாவது அதைப் பிடிக்க வேண்டுமாம். அந்த வீடியோவையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் ஓட விடுவார். அதில் தண்ணீர் பேய் பிடித்தது போல ஓடும், ஆட்கள் கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுக்கீச்சென்று பேசுவார்கள். "இப்பிடிப் பாத்தா என்னா மாமா புரியும்?" என்று கேட்டேன். "மீனு வருதா இல்லையான்னு புரியுதில்ல, போதும்" என்றார்.

அவருடைய அவசரத்தால் நடந்தவற்றில் பெயர் பெற்றது பல் செட் மாறிய கதை. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த இரண்டு பெரியவர்களுக்கு ஒரே வாரத்தில் பல் கட்டினார். ஒருவர் பாடகர் குழுவில் கட்டைக்குரலில் பாடுகிறவர், இன்னொருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டப் பொறுமை இல்லை, மாற்றிக் கொடுத்துவிட்டார். பல் டாக்டர் இருவரிடமும், புதுப் பல் முதலில் அப்படித்தான் இருக்கும், ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். குருத்து ஞாயிறன்று ஒருவர் இன்னொருவர் பல்லோடு ஓசன்னா பாடினார். தபால்காரர் ஒரு வாரமும் கஞ்சிதான். கடைசியில் தபால்காரரின் மனைவிதான் கண்டுபிடித்தார்கள், எதிர்வீட்டில் இருந்த அந்தப் பாடகர் தன் புருஷன் சிரிக்க வேண்டிய சிரிப்பைச் சிரிக்கிறார் என்று.

நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவுக்கு மட்டும் கோபம்.

"தப்பு எம்மேலதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு வாரம் எதுக்குப் பொறுத்தாங்க? மொத நாளே கத்தியிருந்தா மொத நாளே மாத்திக் குடுத்திருப்பேன். பொறுமையாம் பொறுமை! அதான் எல்லாத்தையும் கெடுக்குது."

அன்றைக்கு அதை நான் வெறும் சால்ஜாப்பு என்று நினைத்தேன்.

ஒரு ஜனவரி மாதம், குளிக்கும்போது என் இடது மார்பில் பட்டாணி அளவு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. பள்ளியில் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அது முடியட்டும் என்றிருந்தேன். பிறகு பொதுத்தேர்வு வந்தது. அதுவும் முடியட்டும் என்றிருந்தேன். பிறகு திருத்தும் வேலை. உண்மையைச் சொன்னால் தேர்வெல்லாம் ஒரு சாக்கு, எனக்குப் பயம். ஏப்ரலில் ஒருநாள் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். மாமா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை.

"மூணு மாசமா? அந்த ரெண்டு பெருசும்கூட ஒரு வாரம்தான் பொறுத்துச்சுங்க. நீ படிச்சவ, ஊருக்கெல்லாம் பாடம் சொல்றவ, மூணு மாசமா மூடிக்கினு இருந்தியா? செருப்பப் போடு. இப்பவே கெளம்பு!"

அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் அடுத்த திங்கட்கிழமை என்றார்கள். ஒரு வாரம்! கட்டி என்னுடையது, ஆனால் அந்த வாரம் எப்படிப் போகும் என்ற கவலை எனக்கு மாமாவைப் பற்றித்தான் இருந்தது. மூன்று நாள் அவர் படியில் ஏறி இறங்கியே என்னைப் பைத்தியமாக்கினார். "போன் வந்துச்சா? மெசேஜு வந்துச்சா? ஆச்சா?" நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேலே வந்தார். ஆச்சா என்று கேட்கவில்லை.

"சனிக்கெழம மலைக்குப் போலாம். அக்காவும் வரட்டும். இங்க குந்தினு என்னா பண்ணப் போற?"

எனக்கும் அது நல்லதென்றே பட்டது. அக்காதான் ஞாயிற்றுக்கிழமைப் பூசை போய்விடுமே என்று முனகிக்கொண்டு பை எடுத்து வைத்தாள்.

வழக்கமாக மலைக்குப் போவதென்றால் விடிவதற்குள், ராத்திரி மூடி வைக்கிற பந்திப்பூர் காட்டு கேட்டில் முதல் வண்டியாக நிற்க வேண்டும் அவருக்கு. கேட் திறக்கிற ஆளிடம் போய் நின்று அவனை நச்சரிப்பார். அந்தச் சனிக்கிழமை ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினோம். மத்தூரில் நிறுத்தி வடை சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு, "இன்னொரு காப்பி சாப்புடறியா டீச்சர்?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்று அவரைக் கேட்டாள். வயசாவுதில்ல, என்றார். வழியெல்லாம் லாரிக்குப் பின்னாலேயே ஓட்டினார், ஒருவரையும் முந்தவில்லை. நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டேன். ஒரு வாரத்தில் அன்றைக்குத்தான் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா குளிருக்குப் பயந்து அறையிலேயே இருந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஓடைக்கு நடந்தோம். புல்மேடு இறங்கி, சோலைக்காட்டுக்குள் அரை மணி நேரம். தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் காலை வைத்தால் எலும்பு வரை குளிரும். முதல் மடுவிலேயே மாமா வீசினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நான் அடுத்த பாறைக்குத் தாவத் தயாராகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். அவர் நகரவில்லை. பாறை மேல் உட்கார்ந்தார். ஈயைக் கழற்றி வேறு ஒன்றைக் கட்டினார், மெதுவாக. மறுபடியும் வீசினார். பத்துப் பதினைந்து தடவை வீசியிருப்பார், ஒரே மடுவில்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமா, மேல போலாமா?"

"இருக்கட்டும் மா."

டீச்சர் என்று சொல்லவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஈ தண்ணீரில் முழுகியது, கயிறு விறைத்தது. ஒரு சாண் நீள மீன் ஒன்று, பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு, மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. மாமா அதைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே கொக்கியைக் கழற்றினார். பிடித்த மீனை அவர் ஒரு தடவையும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. ஓட்டத்துக்கு எதிராக அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டால், செவுளில் தண்ணீர் ஏறி அதற்குத் தெம்பு வரும், அதற்கப்புறம் விட வேண்டும் என்பார். சொல்லுவாரே தவிர, இரண்டு நொடிதான் பிடிப்பார். "ஆச்சா? போ" என்று பின்னால் ஒரு தள்ளு.

அன்றைக்கு, "நீ புடி. கைய மொதல்ல நனைச்சுக்கோ, காஞ்ச கையில தொட்டா அதுக்கு ஆவாது" என்று என் கையில் கொடுத்தார். குனிந்து பிடித்துக்கொண்டேன். வழவழவென்று குளிர்ந்த உடம்பு. வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். என் விரல்கள் மரத்துப்போயின.

"விட்டுடட்டுமா மாமா?"

"அவசரப்படாத மா. அதுவா போவும். நேரம் இருக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாயிலிருந்து நான் கேட்காத சொல் அது. அவர் மீனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தூர் காப்பி, லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது, பாறை மேல் உட்கார்ந்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அப்போதுதான் உறைத்தது.

"ரிப்போர்ட் வந்துடுச்சா?"

அவர் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

"மாமா, எப்ப வந்துச்சு?"

"வியாழக்கெழம. லேபுல வேல செய்றவரோட அம்மாவுக்கு நான்தான் பல்லு கட்டினேன். போய் நின்னேன். குடுத்துட்டாரு."

"கெட்டதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். கீழே பார்த்தேன். என் கையில் மீன் இல்லை. எப்போது போனதென்று தெரியவில்லை.

அப்புறம் நான் கத்தியது அந்தச் சோலை முழுக்கக் கேட்டிருக்கும். "என் உடம்பு. என் ரிப்போர்ட். அதப் பூட்டி வெக்க நீங்க யாரு? ஊருக்கெல்லாம் பொறுமைய திட்டிட்டு எங்கிட்ட மட்டும் இந்த நாடகமா? மூணு நாளு என்னைய வடை தின்ன வெச்சு வேடிக்கை பாத்தீங்களா?" தண்ணீரை வாரி அவர் மேல் அடித்தேன். அவர் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"அக்காவுக்கும் தெரியாது. அவளுக்குச் சொன்னா மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்றார். "செவ்வாக்கெழம ஒம்போது மணிக்குப் பெரிய டாக்டர பாக்கறோம், மொத டோக்கன் வாங்கிட்டேன். அதுக்கு முன்னாடி எப்பிடியும் பாக்க முடியாதுன்னுட்டாங்க, நான் சண்ட போட்டும் பாத்தேன். சும்மா கெடக்கற நாளுதான, நீ நிம்மதியா இருந்துட்டுப் போன்னு பாத்தேன். திங்கக்கெழமதான் சொல்றதா இருந்தேன்." தூண்டிலைப் பாறை மேல் வைத்தார். "என்னால முடிஞ்சது மூணு நாளுதான் டீச்சர்."

அழுதது நான் இல்லை, அவர்தான். நான் என் செருப்பை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தேன். திரும்பி வரும்போது அத்தனை லாரிகளையும் முந்திக்கொண்டு ஓட்டினார்.

அறுவை சிகிச்சை, மருந்து, முடி கொட்டியது, முளைத்தது. அதையெல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை. அந்த எட்டு மாதமும் ஆஸ்பத்திரி ஹாலில் மாமா நடந்த நடையில் தரையே தேய்ந்திருக்கும். நர்ஸ் பெண்கள் அவருக்கு ஆச்சா அங்கிள் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை மருந்து ஏறும்போதும் திரைக்கு வெளியே அந்தச் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது கேட்கிறவரைக்கும் எனக்குப் பயமில்லை. சத்தம் நின்றால் கண்ணைத் திறந்து தேடுவேன்.

நான்கு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், பல் கட்டுகிற அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. பக்கத்துக் கடைக்காரர் போன் செய்து, நானும் அக்காவும் ஆட்டோவில் ஓடினோம். மேஜை மேல் அச்சு ஊற்றக் கலக்கிய பிளாஸ்டர் கிண்ணத்தில் இருந்தது. இறுகும்போது அது சூடாகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். தொட்டுப் பார்த்தேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை மனிதர்.

அந்த மூன்று நாளை அவர் எனக்குக் கொடுத்தாரா, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாரா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. தூங்கினேன், வடை தின்றேன், அதெல்லாம் சரி. ஆனால் அன்றைக்குப் பிறகு யாராவது என்னிடம் பொறுமையாகப் பேசினால் என் ஈரக்குலை நடுங்குகிறது. அதற்குத்தான் அவர் மேல் கோபம்.

வெள்ளிக்கிழமை வரை நான் காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலை லேப் திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கவுன்டரில் நின்று, "ஆச்சா?" என்று கேட்கப் போகிறேன். அங்கிருக்கிற பெண் முகத்தைச் சுளித்தால் நல்லது. "வெள்ளிக்கெழமன்னு சொன்னோம்ல மேடம், சும்மா பேஜாரு பண்ணாதீங்க" என்று எரிந்து விழுந்தால் இன்னும் நல்லது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "மொதல்ல உக்காருங்க மேடம்" என்று மட்டும் அவள் சொல்லிவிடக் கூடாது.